எழுநூறு கிலோவும் ஈரப் புல்லும்

நிபோங் தெபாலுக்குத் தெற்கே
செம்பனைக்கு நடுவில் ஒரு புல் ஓடுதளம்.
காற்றுப்பை கிழிந்துபோய்
யாரோ அரிசிச் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள்.
அக்டோபரில் அதை ஓடுதளம் என்று
கொக்குகளிடம் சொன்னால் சிரிக்கும்.

ஊய் தியாங் ஹாக் அங்கே இறங்கினார்,
அங்கேயே நின்றுவிட்டார்.
இடது சக்கரம் அச்சுவரை களிமண்ணில்.
டிராக்டர்காரன் கயிற்றோடு வந்தானாம்.
"வாலில் கட்டாதே, காலில் கட்டு" என்று
நான் இங்கே பாயான் லெப்பாஸிலிருந்து
தொலைபேசியில் கத்தினேன்.
பல் மருத்துவர் அவர்.
"பிடுங்குவது என் தொழில்தானே" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்:
"மணி, பெரிய டயர் போட்டுவிடு."

சொல்வது எளிது.
காற்றை ஏமாற்ற மாட்டியிருந்த
வெள்ளைச் சப்பாத்துகளைக் கழற்ற வேண்டும்.
வேகத்தில் ஐந்து நாட் போகும்.
ஏழு கிலோ கூடும், அந்த ஏழும்
எங்கே உட்காருகிறது என்று கணக்கெழுத வேண்டும்.
பிரேக் பழைய பிரேக், சக்கரம் பெரிது,
பிடி தளரும்.
இத்தனைக்கும் அனுமதிக் காகிதம் மூன்று மாதம்.

எதற்கு இவ்வளவு என்றான் ஹைக்கல்.
பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து.
மழை விட்டு அரைமணி, புல்தரையில் பந்தல்.
குதிகால் உயர்ந்த செருப்போடு போனேன்.
ஒவ்வோர் அடியிலும் ஆணி இறங்கியது.
கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
என் எடை ஒரு கிராம் குறையவில்லை.
புல் என்னை விட்டுவிட்டது.

முதலில் காற்றை இறக்கு,
அப்புறம்தான் போல்ட்டைத் தொடு.
இந்த வரிசையை மாற்றியவர் ஒருவரை எனக்குத் தெரியும்,
இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.
ரப்பரோடு ரப்பர் ஒட்டாதிருக்க
டியூபுக்குப் பவுடர் பூசினேன்.
எண்ணெய் நாறும் கொட்டகையில்
அன்று முழுக்கக் குளிப்பாட்டிய குழந்தையின் வாசம்.

இரண்டு சக்கரமும் முடிந்தது.
மூக்குச் சக்கரம்தான் மசியவில்லை.
பெரிய டயர் கவைக்குள் போனது,
என் விரல் போகவில்லை.
புது டயர் ஓட ஓடப் பருக்கும்;
இன்று உரசாதது பத்தாம் இறக்கத்தில் உரசும்.
அகலக் கவைக்கு ஆறு வாரம்,
பழைய காஞ்சில் கார் ஒன்றின் விலை.
பழைய சின்ன டயரையே திரும்ப மாட்டினேன்.
பின்னால் உயர்ந்து மூக்கு தாழ்ந்து
முட்ட வரும் காளைபோல் நின்றது விமானம்.
விசிறி நுனிக்கும் தரைக்கும் ஒரு சாண்.
விதிக்குப் போதும். எனக்கு?

"மூக்கைத் தூக்கிப் பிடித்தே இறங்குவேன்" என்றார்.
ஏட்டில் எழுதினேன், கீழே மு. நவமணி.
"கையெழுத்து உன்னுடையதுதானே?
வா, ஏறு."

பத்தொன்பது வருடம் இந்த இருக்கைகளில்
இயந்திரம் ஓட்டிக் காது அடைத்திருக்கிறது,
தரை விட்டதில்லை.
பாலம் கீழே போனது, நான் பார்க்கவில்லை.
எண்ணெய் அழுத்த முள்ளையே பார்த்திருந்தேன்.

செம்பனைத் தலைகள் இரண்டு பக்கமும் எழும்ப
எச்சரிக்கைக் குழல் ஆட்டுக்குட்டியாய்க் கத்த
தொட்டோம்.
ஈரத் துணியை மேசையில் போட்ட ஓசை,
அவ்வளவுதான்.

இறங்கி, வந்த வழியே நடந்தேன்,
பையில் இரும்பு அளவுகோலோடு.
போன முறை நான்கு விரல் பள்ளம்.
இன்று ஒரு நகக்கண்.
சாய்ந்த புல் நான் பார்க்கும்போதே
ஒவ்வொன்றாய் நிமிர்ந்துகொண்டிருந்தது.
நடுவே மட்டும் ஒரு கோடு,
அவர் மூக்கை விட்ட இடத்திலிருந்து,
கார்பன் தாளில் அழுத்தி எழுதியதுபோல்.

திரும்பி வந்தால்
இறக்கை நிழலில் மீ கோரெங் பொட்டலத்தைப் பிரித்தபடி
"ஐந்து நாட் இல்லை, ஏழு" என்கிறார்.
நான் பதில் சொல்லாமல்
ஐஸ்கிரீம் குச்சியோடு மல்லாந்து படுத்து
கவைக்குள் அடைத்த களிமண்ணைச்
சுரண்டத் தொடங்குகிறேன்.
முதுகு நனைகிறது.