நூற்றெழுபது வோல்ட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மூடி தொலைந்த மிக்ஸி ஜார்களுக்கு அடியில் கிடந்தது.
உறையில் நாலு பேர். ஒருவன் தலைகீழாக
ஒற்றைக் கையில் நிற்கிறான்.
பின்னால் லோகோ சுவர், பாதி அழிந்த தேர்தல் சின்னம்.
‘அயனாவரம் கரன்ட்’ என்று பெயர்.
எண்பத்தாறில் போட்ட இசைத்தட்டு.
நாற்பது சொன்னவன் முப்பதுக்குத் தந்தான்,
கூடவே ஒரு ஜாரையும் தள்ளிவிடப் பார்த்தான்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவள்.
மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ரேக்குக்கு மேலே,
நாய் கட்டியிருக்கும் மூலையில்
மீட்டர் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும்.
எதைக் கேட்டாலும் யூனிட்டாகக் கேட்டுப் பழகிவிட்டது.

ஊசி வைத்தேன்.
தூறலில் டிரான்ஸ்பார்மர் முனகுகிற மாதிரி ஒரு பொரிச்சல்,
அப்புறம் டிரம் மெஷின்,
தகரத்தில் ஆணி, ஆணியில் தகரம்,
அடியில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு பேஸ்.
எனக்குத் தெரியாமல் என் தோள் ஆடியது.
அதன் மேல் ஒருவன் பேசுகிறான்,
கடைசி பஸ்ஸைத் துரத்துகிறவன் வேகத்தில்:

தண்ணி லாரி திரும்பிடுச்சு, குடத்த வை வரிசையா
தள்ளி நின்னா இருபத்தொம்போது சி நிக்காது
கையில அம்பது காசு, கண்ணுல ஆகாசம்
கண்டக்டரே, மீதி சில்லறைய மேல இருந்து குடு

இடையில் ஒரு இயந்திரக் குரல்,
வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து
ரேஷன் கார்டு கேட்பது போல.
இரண்டாம் தடவைதான் பிடிபட்டது.
மெஷின் இல்லை, டேபிள் ஃபேன்.
சின்ன வயதில் அதன் முன் முகத்தை வைத்து
ஆ என்று கத்துவோமே, அதுதான்.

மூன்றாவது பாட்டின் நடுவில்
தாளம் தளர்கிறது.
பிளேயரின் பெல்ட்டை மாற்றினேன். அதே இடம், அதே தளர்ச்சி.
மெஷின் தூங்கி வழிகிறது,
ஃபேன் குரல் அடித்தொண்டைக்கு இறங்குகிறது,
இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.
ஒரு பெண் சிரிக்கிறாள்: ‘நிறுத்தாத, நிறுத்தாத.’

எனக்குப் புரிந்துபோயிற்று.
ஞாயிறு சாயங்காலம். தெரு முழுக்க டி.வி. போட்டிருப்பார்கள்.
இருநூற்று முப்பது நூற்றெழுபதாக இறங்கியிருக்கும்.
டேப்ரிக்கார்டர் மட்டும் பேட்டரியில் ஓடியிருக்கும்.
பாவம், பிள்ளைகள் என்று நினைத்தேன்.
எங்கள் வாரியத்தின் சார்பில்
கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன்.

உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில்:
பேச்சு எத்திராஜுலு. டிரம் மெஷின், சால்டரிங் டெரன்ஸ்.
ஃபேன் ஹெர்மின்.
கீழே ஒரு விலாசம்.

என் பீட்.
பதினோரு வருடமாக நான் ஏறுகிற படி.
இரண்டாம் மாடி, ஹெர்மின்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னோடு சண்டை பிடிக்கிறவள்:
‘ஒரு ஃபேன் ஓடுது, அதுக்கு இவ்ளோ பில்லா?’

கார்டோடு இசைத்தட்டையும் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள்.
‘எவ்ளோ குடுத்த?’
‘முப்பது.’
‘ஏமாந்துட்ட. நாங்களே இருபதுக்குத்தான் வித்தோம்.’

மூன்றாவது பாட்டைப் பற்றிக் கேட்டேன்,
வோல்டேஜ் விழுந்ததைப் பற்றி,
கண்டுபிடித்தவளின் மிடுக்கோடு.

‘வோல்டேஜா?’ என்றாள்.
‘டெரன்ஸ் கை டயல்ல. என் கை ஃபேன் ரெகுலேட்டர்ல.
எத்திராஜு தலைய ஆட்டுவான், அப்ப சேர்ந்து இறக்கணும்.
மூணு வாரம் பிராக்டீஸ்.
முதல் தடவை சரியா வந்தப்பதான் சிரிச்சுட்டேன்.
எங்க ஏரியான்னதும் கரன்ட் போயிருக்கும்னு
நீயே முடிவு பண்ணிட்டியா?’

நான் மீட்டரைப் பார்த்தேன்.
பார்க்க வேறு எதுவும் இல்லை.

தட்டைத் திருப்பித் தரவில்லை, கேட்கவும் முடியவில்லை.
அவள் அதை ஃபிரிட்ஜ் மேல்,
வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் மாடி வரை இறங்கிவிட்டேன்.
மேலிருந்து கூப்பிட்டாள்:
‘ஏம்மா, ரீடிங் சரியா எடுத்தியா?’