எடைக்கு எடை

உக்கடத்துக் காயலான் கடையில்
எடை போட்டுத்தான் கொடுத்தார்கள்.
முந்நூற்றுப் பத்து கிலோ,
துரு உட்பட.

கணபதியில், கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில்
நாலு மாதமாக நிற்கிறது பேண்ட் சா.
பச்சையைச் சுரண்டினால் சாம்பல்,
அதற்கடியில் நீலம்,
அதற்கும் அடியில் யாரோ
சுவருக்கு அடிக்கிற காவியை அடித்திருக்கிறார்கள்.

மேல் சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு
சுத்தியலால் தட்டினேன்.
விரிசல் இருந்தால் மொத்தென்று கேட்கும்.
கணீரென்றது. நெடுநேரம் அடங்கவில்லை.
உள்ளேயிருந்து பூவாத்தாள்:
"ஏனுங்க, ஐஸ்காரனுங்களா?"

பேரிங்குக்கு வெள்ளீயம் உருக்கிய சட்டி
இனிப் பாலுக்கு ஆகாது.
அந்த வழக்கு தனியாக நடக்கிறது.

நேற்றுத்தான் கவனித்தேன்:
காப்புத் தகடு முடுக்கும் இரண்டு துளைகளிலும்
நாலு பெயிண்டும் அடைத்திருந்தன,
காவி முதற்கொண்டு.
இத்தனை கை மாறியும்
ஒருத்தர்கூட அதை மாட்டவில்லை.
எத்தனை கை என்று எண்ணத் தொடங்கி
விரல்களில் வந்து நின்றுவிட்டேன்.

குச்சியால் குடைந்து, மரை போட்டு,
புதுத் தகடு வெட்டி இன்று மாட்டியாயிற்று.
வாள் பற்றவைக்கப் போயிருக்கிறது,
செவ்வாய்க்கிழமை வரும்.

விரலால் ஒரு தள்ளு.
காபி ஆறும்வரை
சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.