புடைப்பு

டயரில் புடைப்பு கண்டால்
ஒட்டுப் போடமாட்டேன்.
கடலூர் செம்மண்டலத்தில் பதினாலு வருஷமாய்க் கடை.
லாரிக்காரர் கெஞ்சுவார்:
"விழுப்புரம் வரைக்கும் தாங்குமாப்பா?"
தாங்காது. கழற்றிப் போடுவேன்.

கோரிமேட்டுக்குப் போன அன்று
ஏறும்முன் பஸ் டயர் ஆறையும் பார்த்தேன், பழக்கம்.
முள்ளோடையில் பிராந்திக்கடைக்குப் பாதிப் பேர் இறங்கினார்கள்.
நான் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தொடை வழியே கம்பி. திரையில் மை பாய
வலப்பக்கக் குழாயில் ஒரு வீக்கம்,
எலி விழுங்கிய சாரை போல.
"பதினாறு மில்லிமீட்டர்" என்றார் டாக்டர் அமலோற்பவம்.
"சின்ன வயசுல காய்ச்சல் ஏதும்? நாள்கணக்கில்?"

வெளியே அம்மாவிடம் கேட்டார்கள்.
நாலு வயசு. பதினோரு நாள்.
கண் சிவந்து, உதடு வெடித்து,
நாக்கு கோவைப்பழம்.
அம்மை என்று வேப்பிலை செருகி
மூணு தண்ணீர் ஊற்றினாளாம்.
விரல் நுனி உரிந்து பாயில் கிடந்ததை
ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாளாம்.
ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூழ் காய்ச்சினார்கள்.

இறங்கவில்லை.
நெஞ்சில் ஒரு மூலை பார்த்து
முப்பது வருஷம்
வாடகையில்லாமல் குடியிருந்திருக்கிறாள்.

"கவாசாகி" என்றார் டாக்டர்.
பைக் பேராச்சே என்றேன்.
சிரித்தார். எனக்கும் வந்தது, ஒரு நிமிஷம்.

"ஒட்டுப் போடுவீங்களா?"
"மாட்டேன். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு.
நடுவில் பையைத் திறந்து உறைந்ததை வழித்தெடுப்பேன்.
ரத்தம் போக, காலிலிருந்து ஒரு குழாய் எடுத்து
வேறு வழி தைப்பேன்.
தலைகீழாய்த் திருப்பித்தான் வைக்கணும்.
உள்ளே வால்வு இருக்கு."
வால்வா!
ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது.
அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
கையெழுத்துப் போட்டேன்: க. தனவேல்.

எண்பத்திரண்டு நிமிஷம் என் நெஞ்சு நின்றிருந்ததாம்.
பக்கத்தில் ஒரு மிஷின் எனக்காக ஓடியதாம்.
அதை ஓட்டியவர் பேரைக் கேட்க மறந்துவிட்டேன்.

இப்போது வார்டில்
இருமினால் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.
மூணு மாசம் டயர் தூக்கக் கூடாது.
கால்தான் எரிகிறது, நெஞ்சைவிட.

அம்மா ஒன்றும் பேசுவதில்லை.
நான் தூங்குவதாக நினைத்து
என் விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து
நுனியைத் தடவிப் பார்க்கிறாள்.
ஒன்றும் உரியலம்மா.
நகக்கண்ணில் ரப்பர் கறுப்புதான்,
இன்னும் போகவில்லை.