பின்னிணைப்பு நான்கு

அறிக்கை மூன்று மொழியிலும் இருக்கவேண்டும்,
அது சட்டம்.
எனக்குச் சொல்லுக்கு மூன்று ரூபாய்.
அட்டவணை எண்களுக்குக் காசில்லை.

பின்னிணைப்பு நான்கு, வரிசை முப்பத்தொன்று:
ஒரு செடி.
இலத்தீனில் இரண்டு சொல், சிங்களத்தில் ஒன்று,
தமிழில் வெறும் கட்டம்.
கலைச்சொல் தொகுதியைப் புரட்டினேன்.
அதன் குடும்பப் பெயர் வரைக்கும் வந்து
படலையில் நின்றுவிட்டது தமிழ்.

பெயர் வைக்கமுதல் பார்க்கவேண்டாமா?
பொறளையில் பஸ் மாறி
கொலன்னாவைச் சதுப்புக்குப் போனேன்.
கள உதவியாளன் நிஃமத்
முழங்கால் சப்பாத்து ஒரு சோடி தந்தான்,
இரண்டு அளவு பெரிசு.

இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை என்றான்.
தீவிலும் இந்த வாய்க்கால் கரைதான்.
இன்னொரு இடம் இருந்தது,
போன வருஷம் அதன்மேல் நடைபாதை போட்டார்கள்,
காலையில் ஆட்கள் உடம்பு இளைக்க நடக்கிறார்கள்.
விரல் நீட்டி எண்ணினான்: பதினாறு.
ஒன்றின் தலையில் தயிர்க் கோப்பை கவிழ்ந்திருந்தது.
நான்கைந்தை ஆகாயத்தாமரை நெருக்கியிருந்தது.
மறுகரையில் மண் லொறி
பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

பூவை நான் பெரிசாய் நினைத்திருந்தேன்.
பொத்தான் அளவு.
பள்ளிச் சட்டையில் அறுந்து
சலவைத் தொட்டியின் அடியில் கிடைக்குமே,
அந்த மங்கல் வெள்ளை.
நடுவில் பேனா கசிந்ததுபோல் ஊதாக் கீறல்.
குனிந்தேன், சேறுதான் மணத்தது.
“பதினொரு மணிக்கு மூடிவிடும், மிஸ்.”
மணி பத்து ஐம்பது.

திருத்திய பிரதி வியாழக்கிழமை வந்தது.
ஆங்கிலத்தில் முப்பத்தொன்று வேறொரு செடி.
வரிசையைத் தூக்கி எண்களையும் நேராக்கியிருந்தார்கள்.
சிங்களத்திலும் அப்படியே.
சுருக்கத்தில் புதிதாய் ஒரு வசனம்,
தமிழில் இப்படி வரும்:
குறிப்பிடத்தக்க தாவரம் எதுவும் இல்லை.
நிஃமத்துக்கு அழைத்தேன்,
எடுக்கவில்லை.

தமிழ்ப் பிரதியை ஒருவரும் வாசிப்பதில்லை.
போன அறிக்கையில் நாற்பதாம் பக்கம்
தலைகீழாய் அச்சாகி
பிரதேச செயலகத்தில் முப்பது நாள் கிடந்தது,
முறைப்பாடு ஒன்றும் வரவில்லை.

அதனால் முப்பத்தொன்றை நான் அழிக்கவில்லை.
வெறும் கட்டத்தில் சேற்றுப்பொத்தான் என்று அடித்தேன்.
எண்ணிக்கை: பதினாறு.
கந்தோர் மேசையில் மூன்று புத்தகம் இருக்கும்,
கையெழுத்துப் போட்டால் பார்க்கவிடுவார்கள்.
மூன்றாவதைக் கேளுங்கள்.

விலைப்பட்டியலில்
சேற்றுப்பொத்தானுக்குக் காசு போடவில்லை.
அந்த நான்கு சொல்லுக்குப் போட்டேன்,
பன்னிரண்டு ரூபாய்.