பயனாளிகள் விபரம்

படிவத்தின் ஏழாம் பந்தி கேட்டது:
பயனாளிகள் எத்தனை குடும்பம்?
நீர்நாய்க்குக் குடும்ப அட்டை இல்லை.
பேனையை மூடிவிட்டுப்
பாண்டியன்குளச் சந்தியில் போய் ஒரு பிளேன்ரீ குடித்தேன்.

பாலியாற்றின் கீழ்க்கரையில்
மருதமரங்கள் இன்னும் நிற்பதற்கு
நாங்கள் யாரும் காரணமில்லை.
மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள்
பத்து வருசம் அங்கே காவலிருந்தன.
விறகுக்கும் ஒருவர் போகவில்லை.
கேதாரகௌரி முழங்காலில் நின்று
ஒரு நாளைக்கு ஒன்றரை மீற்றர் வீதம்
அந்தக் கரையின் வெடிகளை எடுத்தவள்.
"கடைசிப் பலகையைப் பிடுங்கின அன்று
பின்னேரமே முதல் ட்ரக்டர் இறங்கினது" என்றாள்,
யாரையும் குறை சொல்லாமல்,
மணி சொல்வதுபோல.

இப்போது நாட்கூலிக்குத் தடம் அளக்கிறாள்.
எச்சத்தைக் குச்சியால் கிளறி
செதில், நண்டுக்கோது, தவளை எலும்பு
என்று கொப்பியில் பதிகிறாள்.
குனிகிற விதம் மாறவில்லை;
வலது கை இன்னும்
மண்ணைத் தொட முதல் ஒரு கணம் நிற்கிறது.

கொழும்பு கோப்பைத் திருப்பி அனுப்பியது:
எச்சம் போதிய சான்று அல்ல.
நேரில் கண்டவர், நேரம், எண்ணிக்கை தேவை.

இரவு இரண்டு மணிக்கு
ஆற்றுக்குள் நிற்பவர் வேறு யார்?
குணாளன் கந்தோருக்குள் வர மாட்டேன் என்றுவிட்டான்.
சைக்கிள் விடுகிற இடத்தில் வைத்துச் சொன்னான்:
"நாலு, அக்கா. தாயும் மூண்டு குட்டியும்.
லைற் அடிச்சாலும் தாய் ஓடாது.
நிமிர்ந்து நிண்டு பாக்கும்,
நாங்கள்தான் கள்ளர் எண்டு தெரிஞ்ச மாதிரி."
ஒரு கையெழுத்துக் கேட்டேன். சிரித்தான்.
"அதைப் போட்டால் எனக்கெல்லோ கேஸ்."
நான் எழுதினேன்:
பெயர் குறிப்பிட விரும்பாத,
ஆற்றை நன்கு அறிந்த ஒருவர்.

காசு வந்தது டிசெம்பர் பதினெட்டு.
முப்பத்தொன்றுக்குள் செலவழியாவிட்டால்
திறைசேரிக்குத் திரும்பும்.
பதின்மூன்று நாளில்
ஒரு நீர்நாய்க்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
மாவட்டத்தில் சொன்னார்கள், பலகை வையுங்கள்,
மும்மொழியிலும், சீமெந்துப் பீடத்தோடு.
எல்லைத் தூண் நாற்பது.

கம்பி வவுனியாவிலிருந்து வந்தது.
சீமெந்து மல்லாவியிலிருந்து.
மணல்?
அனுமதிப் பத்திரத்தோடு, பட்டப்பகலில்,
குணாளன் கொண்டுவந்து பறித்தான், இரண்டு கியூப்.
"எங்கட ஆத்து மண், அக்கா. கல்லே இல்லை."
பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டேன்.
அன்றைக்கு என் ஒப்பம் எனக்கே பிடிபடவில்லை.

பலகையில் தமிழில் மட்டும் ஓர் எழுத்துக் குறைந்து
'நீர்நா' என்று வந்திருந்தது.
தண்ணீரின் நாக்கு. அப்படியே விடலாம் போலிருந்தது.
கேதாரகௌரி பெயின்ற் கடன் வாங்கி
ஒரு 'ய்' போட்டுவிட்டாள்.
பீடத்துக்குப் பூச்சு முடிந்தது அந்தி நேரம்.
ஆட்கள் போனார்கள்.
ஈரம் இருந்தது.

ஜூனில் கணக்காய்வு ஐயா வந்தார்,
வெயிலுக்குத் தலையில் கைலேஞ்சி போட்டபடி.
தூண்களை எண்ணினார், முப்பத்தொன்பது.
ஒன்றை யானை சாய்த்தது தனி விசாரணை.
பீடத்தை இரண்டு தரம் சுற்றினார்.

ஐயவினா இலக்கம் 14:
பீடத்தின் மேற்பரப்பு பழுதடைந்துள்ளது.
ஐந்து விரல் கொண்ட விலங்கின் தடங்கள்,
பெரியன சில, சிறியன பல.
பூச்சு வேலை மீளச் செய்யப்பட வேண்டும்.
விளக்கம் தருக.

கேதாரகௌரி பெரிய தடத்தில் நாடாவை வைத்தாள்.
அகலம் ஆறு சென்ரிமீற்றர்.
சின்னதில் வைக்கப் போனவள்
வைக்காமல் சுருட்டிக்கொண்டாள்.

இரண்டு கிழமை எழுதி எழுதிக் கிழித்தேன்.
கடைசியில் அனுப்பியது இது:
குறைபாடு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.
திருத்துவதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை.