மூன்றாம் அலைவரிசை

கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஒரு மின்விசிறியும்.
பௌத்தாலோக மாவத்தை, காலை ஒன்பதரை,
பொது விசாரணை.
சிங்களம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு,
மூன்று நான்.
வாசலில் வாங்கிப்போன ஹெட்போன்களில்
மூன்றுக்குத் திருப்பியிருந்தது ஒன்றே ஒன்று:
பின்வரிசை, தூணோரம், பச்சை அபாயா.

மேடையில் எழுநூறு மெகாஹேர்ட்ஸ்.
அலைக்கற்றை என்றேன்,
அகராதி தந்த சொல்.
கற்றை என்றால் வைக்கோல், கற்றை என்றால் கூந்தல்,
கட்டலாம், தூக்கலாம், கைமாற்றலாம்.
அவிழ்ந்தால்?
யோசிக்க நேரமில்லை,
பேசுகிறவர் நாலு வசனம் முன்னே போய்விட்டார்.

ஏலம் என்றேன்.
மூக்கு ஐந்தாம் குறுக்குத்தெருவுக்குள் போய்த் திரும்பியது.
அங்கே ஒருவன் தராசில் காற்றை வைத்து
பதினைந்து வருடம், பதினைந்து வருடம் என்று கூவினான்.
(பேசியவர் அப்படிச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
மைக் மூடியிருந்தபோது நினைத்தது.)

கம்பனிச் சட்டத்தரணி எழுந்தார்.
முதலீடு, கோபுரம், டொலர், தரம்.
உரிமம் இல்லாத அலைவரிசை ஒழுங்கீனம் என்றார்.
அலை, வரிசை.
இந்த நகரத்துக்கு வரிசையைச் சொல்லித்தர வேண்டுமா?
காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவைத்து நின்றோம்,
ஹவ்லொக் வீதியில் காருக்குள் தூங்கினோம்,
முன்னால் யாரோ ஒருவருடைய ஆள்
புகுந்துகொண்டேயிருந்தார்.
அதுதான் ஒழுங்கு என்று நம்பியிருந்தேன்.

கழுத்துப்பட்டி கோணிய பேராசிரியர் ஒருவர்
திறந்த வலையமைப்பு வேண்டும் என்றார். நல்ல மனிதர்.
திறந்த வலையில் மீன் நிற்குமா என்று
யாரோ சிங்களத்தில் கேட்க, மண்டபம் சிரித்தது.
தமிழுக்கு வந்து சேர்வதற்குள் சிரிப்பு முடிந்திருந்தது.
எப்போதும் இரண்டு செக்கன் பிந்தித்தான்.
தூணோரப் பெண் தனியாகச் சிரித்தாள்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு அவளை அழைத்தார்கள்.
நஸ்லியா ரிழ்வான், தெமட்டகொட மாடிவீடு, பதின்மூன்றாம் தட்டு.
மூன்று நிமிடம் என்றார் தலைவர்.
தமிழில் தொடங்கினாள்.
மேசைகளைத் தடவின கைகள்.
ஹெட்போன்கள் வாசலில், பெட்டிக்குள்.
ஊழியர் ஓடினார்.
அவளே நிறுத்தினாள், பொறுத்தாள்.
மணிக்கூடு பொறுக்கவில்லை.

"கொம்பனித்தெருவுல இருந்து எங்களக் கிளப்பி
மேல கொண்டுபோய் வெச்சாங்க.
லிப்ட் நாலாம் மாடியோட நிக்கும்,
சிக்னல் ஏழாம் மாடியோட நிக்கும்.
கொரோனா நேரம் ஸ்கூல் போனுக்குள்ள வந்திச்சி.
நான் ஒரு லைன் எடுத்தேன்,
மகன் கூரையில பெட்டி பூட்டினான்.
பாஸ்வேர்ட் வைக்கல்ல.
நாப்பத்தாறு புள்ளைகள்
படிக்கட்டுல இருந்து படிச்சிச்சி.
களவு எண்டு கம்பனி கடிதம் அனுப்பியிருக்கு.
மாசம் மாசம் காசு கட்டினது நான்.
யார்ட்ட களவெடுத்தேன்?"

நான் ஆங்கிலத்துக்கு,
பக்கத்துக் கூண்டு அதிலிருந்து சிங்களத்துக்கு.
அதுவரை தடக்கவில்லை.
பிறகு சொன்னாள்:
"அது சும்மா கெடந்த காத்து."

சும்மா.
இலவசமாகவா? வெறுமனேவா?
யாருக்கும் உரியதில்லை என்றா?
சோம்பிக் கிடந்ததா, யாருக்காவது காத்துக் கிடந்ததா?
மணி அடித்தது.
ஒன்றைச் சொன்னேன்.
தட்டச்சர் அதை எழுதிக்கொண்டார்.
இனி அதுதான் அவள் சொன்னது.

சாப்பாட்டு இடைவேளையில் ஹெட்போனை
என்னிடமே நீட்டினாள். காதுப்பஞ்சில் சூடு.
"நீங்கதானா அந்தக் கொரல்?
நடுவுல நடுவுல கிரிக்கெட் கேட்டிச்சி."
ஏதோ ஒரு பண்பலை எங்கள் கருவிக்குள்
வேலி தாண்டியிருக்கிறது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
ஸ்கோர் என்ன என்று கேட்டேன்.
அறுபத்தெட்டுக்கு நாலு, என்றாள்.