ஒற்றையா இரட்டையா

பாசல் நகரில் திங்கள் விடிய நான்கு மணிக்கு
தெருவிளக்கெல்லாம் ஒரேயடியாய் அணையும்.
திருவிழா.
இருட்டில் குழலும் முரசும்,
காகிதக்கூழ் முகமூடிகளில் சுரைக்காய் மூக்குகள்.
நான் மட்டும் கூட்டத்துக்குக் குறுக்கே
மன்னிக்கவும், மன்னிக்கவும் என்றபடி
ஆய்வகத்துக்குப் போகிறேன்.
பசிக்கு விடுமுறை கிடையாது.

இருபத்தாறாம் நாள். முப்பத்தேழு டிகிரி.
கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வில்லைகள்,
நகத்தளவு, இளநுங்கின் வெண்மை.
ஊட்டநீர் மஞ்சளித்திருக்கிறது:
நன்றாய்த் தின்றிருக்கின்றன.
உறிஞ்சி எடுத்துப் புதிதை வார்க்கிறேன்.

பதினான்காம் எண். பெயர் சொல்லமாட்டார்கள்.
தொழில்: கூரை வேய்பவர்.
எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில்
பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தோடு:
"அடுத்த வருடம் முரசோடு நடக்க."

அவர் மூக்குத் தண்டில் ஒரு துணுக்கு எடுத்தோம்,
முட்டிக்குள் வைப்பதற்கு.
கண்ட இடத்தில் மூக்கை நுழைக்காதே
என்று திட்டு வாங்கி வளர்ந்தவள்
இந்த மூக்கை நுழைக்கச் சம்பளம் வாங்குகிறேன்.

குருத்தெலும்பு. யார் வைத்த பெயரோ.
வாழையில் குருத்தை வெட்டினால் மறுநாள் எட்டிப் பார்க்கும்.
இதற்கு ரத்தம் இல்லை, நரம்பு இல்லை,
தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

ஒன்றுதான் முட்டிக்குப் போகும்.
மற்றதை எட்டு மணிக்கு அன்னெகிரெட் குறுக்கே அறுத்து
சாயத்தில் முக்குவாள்.
சிவந்தால் தேறியது.
வெளிறினால் இரண்டுமே மஞ்சள் வாளிக்கு.

எதை அறுப்பது?
"ஏதேனும் ஒன்று" என்கிறது விதிமுறை, பக்கம் நாற்பது.
ஆனால் இடதுபக்கத்தது ஒரு மயிரிழை தடிமன்,
நான் பார்த்துவிட்டேன்,
பார்க்காமல் இருந்திருக்கலாம்.
நல்லதை அறுத்தால் சோதனை தேறும்,
அவருக்கு மிச்சம்.
நல்லதைக் காத்தால்
இன்னொன்று வெளிறி, இரண்டும் போகலாம்.

நாணயம் சுண்ட முடியாது; கையுறை.
ஜன்னலில்லாத அறை. சுவர் மட்டும் அதிர்கிறது.
சரி, முரசே, நீ சொல்:
அடுத்த நிறுத்தம்வரை எண்ணுவேன்,
ஒற்றை என்றால் இடது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று.
நின்றது.
பிறகு தனியாய், தாமதமாய், ஓர் அடி;
யாரோ தப்பாகத் தட்டியது.
அதைச் சேர்ப்பதா?

சேர்க்கவில்லை.
"இடது: அறுக்க" என்று எழுதி ஒட்டினேன்.
கதவைச் சாத்தியதும்
முகக்கவசத்துக்குள் மூக்கு அரித்தது.
சொறியக் கூடாது.
எட்டு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம்.